தாளில் விழுந்த இரண்டாவது இடம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் ஆட்டக்காரர்களின் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டைகள் சேர்க்கிறான். டாப்ஸ் என்ற நிறுவனம் 1978ஆம் ஆண்டு போட்ட அட்டைகளின் வெட்டாத அச்சுத்தாள் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தான். அதில் சில ஆட்டக்காரர்களின் அட்டை இரண்டு முறை இருக்கிறது. அச்சுப்பிழையா என்று கேட்டால், "இல்லை மாமா, மிக்கி மேன்டில் என்ற பெரிய ஆட்டக்காரரின் அட்டையே அப்படித்தான்" என்கிறான். கோடிக்கணக்கில் விலைபோன அட்டை மற்றதைவிட இரண்டு மடங்கு அச்சானது என்றால் நம்ப முடியவில்லை. சரிதானா?

ம., கோயம்புத்தூர்

அன்புள்ள ம.,

பையன் சொன்னது சரி. எல்லாம் வகுத்தல் கணக்கு.

எழுபதுகளில் டாப்ஸ் தாள் ஒன்றில் 132 அட்டைகள், 11க்கு 12 என்று அடுக்கியிருக்கும். 1977 வரை சில ஆண்டுகள் தொகுப்பில் 660 அட்டைகள் இருந்தன. ஐந்து தாள், மிச்சமில்லை. 1978இல் அதை 726 ஆக்கினார்கள். ஐந்தரைத் தாள் வருகிறதா? அரைத் தாளை வெறுமனே விட அச்சகக்காரர் யாருக்கும் மனம் வராது. ஆறாவது தாளையும் நிரப்பினால் 792 இடம். மிஞ்சிய 66 இடங்களில் 66 அட்டைகளை மறுபடி போட்டார்கள். சேகரிப்பவர்கள் இதை 'டபுள் பிரிண்ட்' என்பார்கள். 1981 வரை இப்படியே ஓடியது. 1982இல் தொகுப்பையே 792 ஆக்கிவிட்டார்கள்.

மேன்டில் கதை 1952ஆம் ஆண்டுடையது. அந்த வருடம் டாப்ஸ் மொத்தம் 407 அட்டைகளைப் பல தவணையாக வெளியிட்டது. கடைசித் தவணை 311 முதல் 407 வரை. எண்ணிப் பாருங்கள், 97. தாளில் இருந்ததோ 100 இடம். மூன்று காலி. அந்தத் தவணையின் முதல் மூன்று எண்களான மிக்கி மேன்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவருக்கும் இரண்டாவது இடம் கிடைத்தது. ஒரே அட்டைக்கு இரண்டு இடத்துக்கும் தனித்தனியாக அச்சு தயாரானதால் சின்னச் சின்ன வித்தியாசங்கள் உண்டு. பின்பக்கம் எண் போட்டிருக்கும் பந்தின் தையல் ஒன்றில் வலப்பக்கம் பார்க்கும், இன்னொன்றில் இடப்பக்கம். மேன்டில் வைத்திருப்பவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது அதைத்தான்.

ஆக, தன் தவணையில் மேன்டில் அரிய அட்டையே அல்ல. பக்கத்தில் இருந்த 94 பேரைவிட இரட்டிப்பாக அச்சானவர். ஆனால் தவணை முழுவதுமே விற்காமல் தேங்கியது. பேஸ்பால் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தால் எந்தப் பையன் காசு கொடுப்பான்? மிஞ்சிய பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸின் சை பெர்கரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 2022இல் ஒரு மேன்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. பெயரும் அட்டையின் நிலையும் சேர்ந்து கொடுத்த விலை அது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால், அதே தாளில் ஒற்றையாக அச்சாகி யாரும் சீந்தாமல் கிடக்கும் ஆட்டக்காரர்தான் அரியவர். எனக்கு அவர்கள்மீதுதான் பரிவு.

தாளில் இடமே கிடைக்காதவரும் உண்டு. 1933இல் கவுடி என்ற சூயிங்கம் நிறுவனம் தன் பொட்டலங்களுக்குள் 240 எண்களில் அட்டை போட்டது. தாளுக்கு 24 வீதம் பத்துத் தாள், கணக்கு கச்சிதம். ஆனால் 106ஆம் எண் அந்த வருடம் வரவே இல்லை. அதற்கான இடத்தில் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பேப் ரூத்தின் 144ஆம் அட்டை இரண்டாம் முறை உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே தொகுப்பில் ரூத்துக்கு நான்கு அட்டைகள்! ஒரு எண்ணுக்காகப் பொட்டலம் பொட்டலமாகச் சூயிங்கம் வாங்கித் தேடிய பிள்ளைகளை நினைத்தால் இது தெரிந்தே செய்த வேலை என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் புகார்க் கடிதங்கள் போயின. 1934இல், அந்த வருடத்து அட்டைகளின் தாளிலேயே நாப் லாஜுவே என்ற ஆட்டக்காரரின் 106ஆம் அட்டையையும் அச்சடித்து, கேட்டவர்களுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள். கடிதத்தோடு சேர்த்துக் குத்தியிருந்த கிளிப்பின் தடம் இன்றும் சில லாஜுவே அட்டைகளில் தெரிகிறது.