எந்த 1492? – வாசகர் கேள்வி பதில்

கே: ஸ்பெயினில் கடைசி முஸ்லிம் அரசான கிரானடா வீழ்ந்தது 1492 ஜனவரி 2 என்கிறது பாடநூல். அந்தக் காலத்துக் குறிப்பு ஒன்றில் 1491 என்று இருக்கிறது. எது பிழை?

ப: இரண்டும் பிழையில்லாமல் இருக்கலாம். குறிப்பை எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று பாருங்கள். நாளும் மாதமும் மேற்கு ஐரோப்பா முழுக்க ஒன்றுதான்; ஆண்டு எண் என்றைக்கு மாறும் என்பதில்தான் ஊருக்கு ஒரு வழக்கு. ஸ்பெயினின் காஸ்டில் அரசில் டிசம்பர் 25, வெனிஸில் மார்ச் 1, புளோரன்சிலும் இங்கிலாந்திலும் மார்ச் 25. பிரான்சில் ஈஸ்டர் அன்று மாறும். 1492-இல் அது ஏப்ரல் 22. ஆகவே அந்த ஜனவரி 2, காஸ்டில்காரருக்கு 1492, புளோரன்ஸ்காரருக்கு 1491.

வேடிக்கை இதோடு முடியவில்லை. புளோரன்சை ஆண்ட லொரென்சோ தெ மெதிச்சி இறந்த ஏப்ரல் 8 அன்று பாரிஸில் 1491, புளோரன்சில் 1492, பக்கத்து பீசாவில் 1493! பீசாக்காரர்களும் மார்ச் 25-இல்தான் தொடங்கினார்கள், ஆனால் ஓராண்டு முன்கூட்டியே. ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான எந்தத் தேதியையும் ஊர் பார்க்காமல் நம்பக் கூடாது.

கே: கொலம்பஸ் கரை கண்டது அக்டோபர் 12-ஆ, 21-ஆ?

ப: அன்று வழக்கிலிருந்த ஜூலியன் நாட்காட்டிப்படி 12, வெள்ளிக்கிழமை. இன்றைய கிரிகோரியன் கணக்குக்கு 9 நாள் கூட்டினால் 21. பலரும் 1582-இல் கிரிகோரியனுக்கு மாறியபோது விடப்பட்ட 10 நாளைக் கூட்டி 22 என்று எழுதிவிடுகிறார்கள். ஜூலியன் நாட்காட்டியில் 1500 நெட்டாண்டு (366 நாள்), கிரிகோரியனில் இல்லை. பத்தாவது நாள் வித்தியாசம் அப்போதுதான் சேர்ந்தது. கிழமை எந்தக் கணக்கிலும் மாறாது. 400-ஆம் ஆண்டு விழாவை அமெரிக்கா 1892 அக்டோபர் 21-இல் கொண்டாடியது இந்தத் திருத்தத்தால்தான்.

கே: இஸ்லாமிய ஹிஜ்ரி ஆண்டு தெரிய 1492-இலிருந்து 622-ஐக் கழித்தால் போதாதா?

ப: போதாது. 870 வரும்; 27 ஆண்டு பிசகும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால் கழித்து வருவதை 33-ஆல் பெருக்கி 32-ஆல் வகுக்க வேண்டும்: 897. இதுவும் தோராயம்தான். 898 பிறந்தது அக்டோபர் 23 வாக்கில். பிறை பார்த்துத் தொடங்கும் மாதம் என்பதால் ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின் ஆகும்.

கே: கல்வெட்டில் "சகாப்தம் 1414-ன் மேல் செல்லாநின்ற பரிதாபி வருஷம்" என்று இருந்தால்?

ப: சக எண்ணோடு 78 கூட்டினால் 1492. பரிதாபி அறுபதில் 46-ஆவது. பரிதாபி ஆண்டான 1972-லிருந்து எட்டுச் சுற்று, அதாவது 480 ஆண்டு, பின்னால் போனாலும் 1492 வரும். எண்ணும் பெயரும் ஒத்துப்போவதால் நம்பலாம்; ஒத்துப்போகாவிட்டால் முதலில் எண்ணைச் சந்தேகியுங்கள், இலக்கங்கள்தான் எளிதில் சிதையும். அப்போது சித்திரை பிறந்தது ஏப்ரல் நடுவில் அல்ல, ஜூலியன் மார்ச் கடைசி வாரத்தில். கல்வெட்டில் மாசி, பங்குனி என்றிருந்தால் நம் எண்ணிக்கையில் 1493 ஆகிவிடும். கேரளத்துக் கொல்லம் ஆண்டானால் 667, ஆவணி பிறந்ததும் 668.

கே: சீனா, ஜப்பான்?

ப: சீனாவில் ஹொங்சி ஆட்சியாண்டு 5. அந்தப் பேரரசர் 1487-இல் பட்டமேறினாலும் எண்ணிக்கை மறு புத்தாண்டில்தான் தொடங்கியது. ஜப்பானில் ஆண்டின் நடுவிலேயே சகாப்தத்தின் பெயர் மாறும்: எந்தோக்கு 4 என்று தொடங்கி மெயோ 1 என்று முடிந்தது.

கே: ரஷ்யாவில் அந்த ஆண்டு உலகம் அழியும் என்று பயந்தார்களாமே?

ப: ஆமாம். அங்கே உலகம் படைக்கப்பட்டதிலிருந்து எண்ணினார்கள்: ஆகஸ்ட் வரை 5508, செப்டம்பர் முதல் 5509 கூட்ட வேண்டும். 1492 ஆகஸ்ட் 31-இல் 7000 முடிந்தது. ஈஸ்டர் தேதி அட்டவணையையே அதற்கு மேல் யாரும் கணித்து வைக்கவில்லை. செப்டம்பர் 1 வழக்கம்போல் விடிந்தது. மாஸ்கோ பெருநகர ஆயர் சோசிமா 7001-லிருந்து புது அட்டவணை போட வேண்டியதாயிற்று.