யார் தண்ணீர் ஊற்றச் சொன்னது?

ஸ்லோ குக்கரில் (மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரம்) செய்யும் பார்பிக்யூ ரிப்ஸ், அதாவது பன்றி விலாக்கறி பற்றிக் கடிதங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன. நன்றாக வந்தது என்று எழுதியவர்களுக்குச் சந்தோஷம், சாப்பிடுங்கள். மற்றவர்கள் இங்கே வாருங்கள்.

கேள்வி: லோவில் (குறைந்த சூட்டில்) நாலரை மணி நேரம் வைத்தேன். கறி ரப்பர் மாதிரி இழுக்கிறது. அதிகமாக வெந்து கெட்டியாகிவிட்டதா?

பதில்: பாதிதான் வெந்திருக்கிறது. பன்றிக்கறி 63 டிகிரி செல்சியஸைத் தொட்டு, மூன்று நிமிடம் ஆறினாலே சாப்பிடப் பாதுகாப்பானது. ஆனால் அந்தச் சூட்டில் இறக்கிய ரிப்ஸைக் கடித்தால் தாடைதான் வலிக்கும். விலாக்கறி முழுக்கக் கொலாஜன் என்ற விறைப்பான புரதம் ஓடுகிறது. அது 70 டிகிரிக்கு மேல் போனால்தான் ஒழுங்காகக் கரைந்து ஜெலட்டினாக மாறும். 90, 95க்கு வந்து அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தால்தான் கறி மெத்தென்று ஆகும். நடுவில் ஒரு கட்டத்தில் கறி முன்பைவிட விறைப்பாகத் தெரியும். நிறையப் பேர் அங்கேதான் பயந்துபோய் வெளியே எடுத்துவிடுகிறார்கள். ஒன்றரைக் கிலோ பேபி பேக் (முதுகுப் பக்கக் குட்டை விலா) என்றால் லோவில் 6, 7 மணி நேரம். ஸ்பேர் ரிப்ஸுக்கு (வயிற்றுப் பக்க விலா) 8. இரண்டு எலும்புக்கு நடுவே பல் குத்தும் குச்சியை விட்டுப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் ஆயிற்று.

கேள்வி: எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கிறதே?

பதில்: நிறத்தை நம்பாதீர்கள், தெர்மாமீட்டரை நம்புங்கள். மஜ்ஜையிலிருந்து கசியும் நிறமி நன்றாக வெந்த கறியிலும் சிவப்புக் காட்டும்.

கேள்வி: பின்பக்கச் சவ்வை எடுத்தே ஆகவேண்டுமா? எனக்கு அது பிய்ந்து பிய்ந்து வருகிறது.

பதில்: எடுத்தே ஆகவேண்டும். எட்டு மணி நேரம் வெந்தாலும் அது தோல் மாதிரிதான் இருக்கும், மசாலாவையும் உள்ளே விடாது. பிய்ந்து வருவதற்குக் காரணம், ஓரத்தில் ஆரம்பிக்கிறீர்கள். ஓரத்தை விடுங்கள். எலும்புப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி கறியைப் போட்டு, நடுவிலுள்ள ஏதாவது ஓர் எலும்பின் மேல் மழுங்கின கத்தி முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து லேசாக நெம்புங்கள். ஒரு விரல் போகிற அளவு கிளம்பியதும் கத்தியை வைத்துவிட்டு, காய்ந்த பேப்பர் டவலால் பிடித்து நிதானமாக இழுங்கள். வெறும் கையால் பிடித்தால் வழுக்கும், பேப்பர் இருந்தால் வழுக்காது. பெரும்பாலும் ஒரே இழுப்பில் முழுசாக வந்துவிடும். சில கடைகளில் முன்பே எடுத்துவிட்டுத்தான் விற்பார்கள். இல்லாத சவ்வைத் தேடிக் கறியைக் கிழிக்காதீர்கள்.

கேள்வி: நான் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அதன் மேல் பாட்டில் சாஸையும் ஊற்றி வைத்தேன். கடைசியில் ரிப்ஸ் சூப்பில் மிதந்தது. ருசியே இல்லை. என்ன தப்பு?

பதில்: தப்பை நீங்களே எழுதிவிட்டீர்கள். யார் தண்ணீர் ஊற்றச் சொன்னது? இதே கேள்வி இந்த முறை ஐந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது, ஐந்து பேரும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒருவர் மூன்று டம்ளர்.

பச்சைக் கறியில் பெரும்பகுதி தண்ணீர்தான். சூடு ஏற ஏற அது வெளியே வரும், கூடவே கொழுப்பும் உருகி வரும். அடுப்பில் திறந்து வைத்த சட்டியில் அது ஆவியாகிப் போய்விடும். ஸ்லோ குக்கரில் எங்கே போகும்? ஆவி மேலே போய் மூடியில் பட்டு, துளித்துளியாகத் திரும்பப் பாத்திரத்துக்குள்ளேயே விழும். ஒன்றரைக் கிலோ ரிப்ஸை ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் வைத்துப் பாருங்கள், சாயங்காலம் அடியில் ஒன்றரைக் கப் சாறு நிற்கும். அதுவே வேகப் போதும். இதில் நீங்களும் இரண்டு டம்ளர் சேர்த்தால் அதற்குப் பெயர் பார்பிக்யூ இல்லை, அவித்த கறி. மசாலாவெல்லாம் கழுவிக்கொண்டு கீழே போயிருக்கும்.

'அடிப்பிடித்துவிடுமே' என்று பயப்படுகிறார்கள். ஸ்லோ குக்கரில் சூடு அடியிலிருந்து மட்டும் சுள்ளென்று ஏறுவதில்லை. பெரும்பாலான மாடல்களில் பக்கச் சுவரிலிருந்து நிதானமாக வரும். முதல் ஒரு மணி நேரத்துக்கு மனசு கேட்கவில்லை என்றால் அடியில் ஒரு பெரிய வெங்காயத்தைத் தடிமனாக வட்டம் வட்டமாக நறுக்கிப் பரப்பி, அதன் மேல் ரிப்ஸை வையுங்கள். உங்கள் குக்கரின் கையேடு திரவம் கட்டாயம் என்று சொன்னால் அரைக் கப் ஆப்பிள் ஜூஸோ, தண்ணீர் கலந்த சைடர் வினிகரோ ஊற்றுங்கள். அரைக் கப். டம்ளர் இல்லை.

சாஸும் அப்படித்தான். முதலிலேயே ஊற்றினால் கறியிலிருந்து வரும் சாறு அதை நீர்க்கச் செய்துவிடும். முதலில் ரப் (உலர்ந்த மசாலாக் கலவை) மட்டும் தடவுங்கள்: உப்பு, பழுப்புச் சர்க்கரை, மிளகு, பாப்ரிகா (காரம் குறைந்த மிளகாய்த் தூள்), பூண்டுத் தூள். சாஸுக்குக் கடைசி பத்து நிமிடம் போதும். அடியில் சேர்ந்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள். வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பை வழித்துவிட்டு, அகலமான வாணலியில் பாதியாகச் சுண்டவிட்டுச் சாஸோடு கலந்தால் கடைச் சாஸுக்கே ஒரு கனம் வரும். சுண்டிய பிறகு உப்புப் பாருங்கள். முதலிலேயே பார்த்துப் போட்டால் கரிக்கும்.

கேள்வி: லோவா, ஹையா?

பதில்: நேரம் இருந்தால் லோ. பல குக்கர்களில் இரண்டுமே கடைசியில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரே இடத்துக்குத்தான் போய்ச் சேரும். ஹை சீக்கிரம் போகும், அவ்வளவுதான். ஹையில் ஒரு மணி, லோவில் இரண்டு மணி என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வார்ம் என்பது வெந்ததைச் சூடாக வைக்க மட்டும். அதில் சமைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது.

கேள்வி: மணிக்கு ஒருமுறை திறந்து ரிப்ஸைப் புரட்டிவிடுகிறேன். ஆனாலும் பத்து மணி நேரம் ஆகிறது.

பதில்: 'ஆனாலும்' இல்லை, அதனால்தான். ஒருமுறை திறந்தால் போன சூடு திரும்பிவர இருபது முப்பது நிமிடம் ஆகும். ஆறு தடவை திறந்தால் எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். ரிப்ஸைப் படுக்கவைக்காமல் பாத்திரத்தின் சுவரை ஒட்டி வளைத்து நிற்கவையுங்கள். சதைப்பக்கம் சுவரைப் பார்க்கட்டும், தடிமனான முனை கீழே இருக்கட்டும். புரட்டவே வேண்டாம். மூடியைத் திறக்காதீர்கள். வாசனை வந்தாலும் திறக்காதீர்கள்.

கேள்வி: நீங்கள் சொன்னபடியே செய்தேன், சரியாக வரவில்லை. ஏன்?

பதில்: எந்த வெட்டு, எத்தனை கிலோ, எந்த செட்டிங், எத்தனை மணி நேரம், எதுவும் எழுதவில்லை. 'சரியாக வரவில்லை' என்றால் கெட்டியா, குழைந்ததா, உப்பா? நான் ஜோசியம் பார்ப்பதில்லை. மறுபடி எழுதுங்கள். தண்ணீர் ஊற்றினீர்களா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: ஃபிரீசரிலிருந்து எடுத்து அப்படியே போடலாமா?

பதில்: வேண்டாம். 4 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் பாக்டீரியா வேகமாகப் பெருகும். உறைந்த கறி ஸ்லோ குக்கரில் அந்த இடைவெளியைக் கடக்க மணிக்கணக்காகும். முந்தின நாளே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிடுங்கள். ரப் தடவி இரவு முழுக்க ஊறவைப்பதும் நல்லதுதான், ஆனால் வேறு தட்டில். பீங்கான் பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுக் காலையில் அப்படியே குக்கரில் இறக்கினால் சூடேற நேரமாகும், பாத்திரமும் விரியலாம். என் பழைய பாத்திரம் ஒன்று அப்படித்தான் போனது. 'டக்' என்று ஒரு சத்தம்தான் கேட்டது.

கேள்வி: வேலைக்குப் போயிருந்தபோது மின்சாரம் போய்த் திரும்ப வந்திருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. சாப்பிடலாமா?

பதில்: கொட்டிவிடுங்கள். பார்க்க வெந்த மாதிரி இருந்தாலும் சரி. வீட்டில் இருக்கும்போது போனால் உடனே கேஸ் அடுப்புக்கு மாற்றிச் சமைத்து முடிக்கலாம்.

கேள்வி: பேபி பேக் என்றால் பன்றிக்குட்டியின் விலாவா? மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

பதில்: இல்லை. வளர்ந்த பன்றியின் முதுகெலும்பை ஒட்டி இருக்கும் குட்டையான விலா. ஸ்பேர் ரிப்ஸைவிட நீளம் குறைவு என்பதால் அந்தப் பெயர். ஸ்பேர் ரிப்ஸ் வயிற்றுப் பக்கம், கொழுப்பு அதிகம். அதில் நெஞ்சுக் குருத்தெலும்புப் பகுதியை வெட்டி நீக்கிச் செவ்வகமாக்கினால் செயிண்ட் லூயிஸ் வெட்டு. ஸ்லோ குக்கருக்கு என் ஓட்டு அதற்குத்தான். கொழுப்பு இருப்பதால் அரை மணி கூடினாலும் வறண்டுபோகாது. மாட்டு ஷார்ட் ரிப்ஸ் கேட்டவருக்கு: தாராளமாக, லோவில் 8, 9 மணி நேரம்.

கேள்வி: கடைசியில் சாஸ் தடவி பிராய்லரில் (ஓவனின் மேல்கம்பிச் சூட்டில்) வைத்தேன். கரிந்துவிட்டது.

பதில்: போனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், சரிதானே? பார்பிக்யூ சாஸில் பாதி சர்க்கரை. பொன்னிறத்துக்கும் கரிக்கும் நடுவே ஒரு நிமிடம்கூட இருக்காது. ஃபாயில் விரித்த தட்டில் ரிப்ஸை வைத்து, மேல்பக்க ஈரத்தைப் பேப்பரால் ஒற்றி எடுங்கள். ஈரத்தின் மேல் சாஸ் பிடிக்காமல் வழிந்துவிடும். மெல்லிசாகத் தடவி, கம்பியிலிருந்து ஒரு சாண் கீழே வைத்து மூன்று நிமிடம். வெளியே எடுத்து இன்னொரு பூச்சு, மறுபடி இரண்டு நிமிடம். ஓரங்களில் சாஸ் குமிழ் விட்டு, பளபளப்பு மங்கி ஒட்டும் பதத்துக்கு வரும்போது எடுத்துவிடுங்கள். எட்டு மணி நேரம் காத்திருந்தவருக்கு இந்த ஐந்து நிமிடம் ஓவன் முன்னால் நிற்க முடியாதா? ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்பது இதுதான். குக்கரின் பீங்கான் பாத்திரத்தை அப்படியே பிராய்லருக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: புகையே இல்லை. இதைப் பார்பிக்யூ என்று சொல்வது மோசடி இல்லையா?

பதில்: கொஞ்சம் மோசடிதான். விறகுப் புகையில் மணிக்கணக்காகக் கிடக்கும் ரிப்ஸுக்கு வெளியே கறுத்த மொரமொரப்பு வரும், உள்ளே இளஞ்சிவப்பு வளையம் வரும். குக்கரில் இரண்டும் வராது. புகை வாசனைக்குப் புகையூட்டிய பாப்ரிகா போடுங்கள், அல்லது லிக்விட் ஸ்மோக் அரை டீஸ்பூன். அது ரசாயனம் என்று பலர் முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் விறகுப் புகையைக் குளிரவைத்து நீரில் பிடிப்பதுதான். ஆனால் அரை டீஸ்பூனுக்கு மேல் போனால் சாம்பலை நக்கின மாதிரி இருக்கும். இந்தக் கருவி பார்பிக்யூவுக்காகப் பிறந்ததும் இல்லை. அமெரிக்காவில் இர்விங் நாக்சன் 1940இல் காப்புரிமை வாங்கினார்; பிற்பாடு அவருடைய குக்கர் பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரமாகத்தான் விற்றது. 1971இல்தான் அது கிராக்-பாட் என்ற பெயரில் வீடுவீடாகப் பரவியது.

கேள்வி: ரிப்ஸோடு சிவப்புக் கிட்னி பீன்ஸையும் சேர்த்துப் போடலாமா? (வேறொருவர் கேட்டது, பொருத்தமாக இருந்ததால் இங்கே சேர்த்தேன்.)

பதில்: பச்சையாகப் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் நச்சு ஸ்லோ குக்கர் சூட்டில் போகாது, வாந்தி எடுக்கவைக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகு சேர்க்கலாம். டின்னில் வரும் பீன்ஸுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: தூக்கும்போது எலும்பு கையில் வருகிறது, கறி உள்ளேயே தங்கிவிடுகிறது. விருந்தினர் முன்னால் மானம் போகிறது.

பதில்: ஒரு மணி நேரம் முன்னாலேயே எடுத்திருக்க வேண்டும். எலும்பை விட்டுக் கழன்று விழுவதைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். அமெரிக்க பார்பிக்யூ போட்டிகளில் அப்படி விழுந்தால் அதிகம் வெந்தது என்று மதிப்பெண் குறைப்பார்கள். கடித்த இடத்தில் மட்டும் கறி சுத்தமாக வந்து, மீதி எலும்பிலேயே நிற்க வேண்டும். வைக்கும்போதே மூன்று நான்கு எலும்புத் துண்டுகளாக வெட்டி வையுங்கள். வெந்ததும் குக்கரை அணைத்து, மூடியை எடுத்துவிட்டு (ஆமாம், இப்போது திறக்கலாம்) கால் மணி நேரம் ஆறவிட்டு, இரண்டு அகலக் கரண்டிகளை அடியில் கொடுத்துத் தூக்குங்கள். ஏற்கெனவே உதிர்ந்துவிட்டதா? எலும்பைப் பொறுக்கிப் போட்டுவிட்டுச் சாஸ் கலந்து பன்னுக்கு நடுவில் வையுங்கள். முதலிலிருந்தே அதுதான் திட்டம் என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: மீந்ததை மறுநாள் ஸ்லோ குக்கரிலேயே சூடாக்கலாமா?

பதில்: கூடாது, மெதுவாகச் சூடேறுவதே அங்கே ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரத்தில் மாற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். ஃபாயிலில் சுற்றி, ஒரு கரண்டி சாறு விட்டு, ஓவனில் 150 டிகிரியில் அரை மணி வையுங்கள். உள்ளே 74 காட்ட வேண்டும். ஒரு கரண்டி என்றால் ஒரு கரண்டிதான்.