எஃப்.சி. தேவைதானா? பட்டறையிலிருந்து சில பதில்கள்

காரைக்குடியில் லாரி, டிராக்டர் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறேன். வாகனத் தகுதிச் சான்று, அதாவது எல்லோரும் எஃப்.சி. என்று சொல்வது, தேவைதானா என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எஃப்.சி. வேலையால் என் பட்டறைக்கும் வருமானம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

கேள்வி (புதுவயல், அரிசி ஆலை லாரி உரிமையாளர்): அண்ணே, லாரிக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. இனி வருடா வருடம் எஃப்.சி. பெயின்ட், ஸ்டிக்கர், வண்டி நிற்கும் நாட்களின் நட்டம் என்று செலவு மேல் செலவு. விபத்து நடப்பதோ ஓட்டுநரால். வண்டியை ஏன் படுத்துகிறார்கள்?

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, தகுதிச் சான்று இல்லாத போக்குவரத்து வாகனம், அதாவது லாரி, பஸ், வாடகை வேன் போன்றவை, முறையாகப் பதிவு செய்யப்பட்டதாகவே கருதப்படாது. எட்டு வயது வரை 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன் பிறகு ஆண்டுதோறும் சான்று வாங்க வேண்டும். சான்று காலாவதியான வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு உங்களிடமே வசூலிக்க வரலாம்.

ஓட்டுநரால்தான் விபத்து என்பது பெரும்பாலும் சரி. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை 2015இல் வெளியிட்ட கணக்கில், வாகனக் கோளாறே முதன்மைக் காரணமாக அமைந்த விபத்துகள் நூற்றுக்கு 2தான். அந்த இரண்டிலும் பாதிக்கு மேல் டயரும் பிரேக்கும். ஆனால் அது அவர்கள் ஊர் வண்டிகளின் கணக்கு. நம் ஊரில் முதல் தகவல் அறிக்கையில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று ஒரு வரி ஏறிவிடும். ஒரு சக்கரத்தின் பிரேக் லைனர், அதாவது உராய்ந்து வண்டியை நிறுத்தும் பட்டை, ரிவெட் வரை தேய்ந்து, பிரேக் அடித்ததும் வண்டி இடப்பக்கம் இழுத்த கதை அந்த வரிக்குள் வராது. அரைகுறையாகப் பிடிக்கும் பிரேக்கையும் 'பிரேக் வேலை செய்கிறது' என்றுதான் எழுதுவார்கள். மூட்டை ஏற்றாத வண்டியில் அது உண்மையும்கூட. உங்கள் ஆலை வாசலில் முழுப் பாரம் ஏற்றிக்கொண்டு, திருச்சி சாலையில் மழைத் தூறலில் போகும்போதுதான் மீதி அரைப் பிரேக் எங்கே என்று தேடத் தோன்றும்.

பெயின்ட் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை. எஃப்.சி.க்கு வரும் வண்டிக்காரர்கள் முதலில் பெயின்டரைத் தேடுகிறார்கள், கடைசியாகத்தான் என்னிடம் வருகிறார்கள். இந்த வரிசை மாறினால் நீங்கள் சொல்லும் செலவில் பாதியாவது உருப்படியாகும்.

கேள்வி (காரைக்குடி, பொறியியல் கல்லூரி மாணவர்): ஐயா, கட்டாய ஆய்வால் விபத்து குறைகிறது என்று நிரூபணம் உண்டா?

உறுதியான நிரூபணம் குறைவு, தம்பி. நார்வேயில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைக் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்றாண்டுகள் வருடாந்திர ஆய்வு, இன்னொன்றுக்கு அந்தக் காலத்தில் ஒரே ஒரு ஆய்வு, மூன்றாவதற்கு ஆய்வே இல்லை. முடிவு 1992இல் வெளிவந்தது. ஆய்வு செய்த கார்களின் நிலை மேம்பட்டிருந்தது. ஆனால் மூன்று பிரிவுகளுக்கும் விபத்து எண்ணிக்கையில் வித்தியாசம் தென்படவில்லை. இப்படிப்பட்ட வாதங்களை வைத்துத்தான் அமெரிக்காவில் நியூ ஜெர்சி 2010இல் தனியார் கார்களுக்கான இயந்திர ஆய்வைக் கைவிட்டது. டெக்சாஸ் 2025 ஜனவரி முதல் கைவிட்டது. அங்கும் வர்த்தக வண்டிகளை விட்டுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நார்வே முடிவை நான் மறுக்கவில்லை. அது சொந்தக் கார், ஒழுங்கான சாலை, அவரவரே பராமரிக்கும் பழக்கம் ஆகியவற்றுக்கான முடிவு. ஒரு ஓட்டுநர் இறங்க இன்னொருவர் ஏறி, அளவுக்கு மேல் பாரத்துடன் இரவு பகலாக ஓடும் டிப்பருக்கு அதை நீட்டிப் பொருத்த முடியாது. வண்டியின் உரிமையாளர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர் என்றால், பிரேக் சரியில்லை என்று ஓட்டுநர் சொன்னாலும் 'அடுத்த நடைக்குப் பார்க்கலாம்' என்பார் முதலாளி. அந்த இடத்தில்தான் வெளியாள் ஒருவரின் கட்டாயம் தேவைப்படுகிறது.

கேள்வி (சிங்கம்புணரி, கயிறு ஏற்றும் வேன் ஓட்டுநர்): எஃப்.சி. அன்றைக்கு மட்டும் நல்ல டயர் வாடகைக்கு வாங்கி மாட்டுகிறார்களே, பிறகு என்ன பயன்?

பயன் இல்லை. அதற்கு மருந்து சாலையில் திடீர் சோதனைதான். டயர் கட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது என்பது விதி. இருசக்கர, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8. இதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம், சோதனைச் சாவடியில் நிற்பவர் குனிந்தால் போதும்.

கேள்வி (கல்லல், விவசாயி): அண்ணே, என் டிராக்டர் விவசாயத்துக்குப் பதிவானது. பின்னால் டிரெய்லர். இரண்டுக்கும் லாரி மாதிரி ஆய்வு வைத்தால் எங்களைப் போன்றவர்கள் என்ன ஆவது?

இந்தக் கேள்விக்காகவே இவ்வளவு எழுதுகிறேன் என்று சொல்லலாம். நம் பகுதியில் என்னைப் பயமுறுத்தும் வண்டி லாரி அல்ல, டிரெய்லர்.

உங்கள் வயலுக்கு உரம் கொண்டுபோய், நெல் மூட்டை ஏற்றி வருவது வேறு. அதே டிரெய்லர் தை அறுவடை முடிந்ததும் செங்கல், ஜல்லி, ஆத்தங்குடிக் கற்கள் என்று வாடகைக்கு ஓடுகிறது. பதிவுப் புத்தகத்தில் விவசாயம், சாலையில் வியாபாரம். டிராக்டருக்குக் காப்பீடு இருக்கும். டிரெய்லருக்குத் தனி எண்ணும் தனிக் காப்பீடும் வேண்டும் என்பதைப் பாதிப் பேர் கண்டுகொள்வதில்லை. விபத்துக்குப் பிறகு வழக்கு நடக்கும்போதுதான் அது நினைவுக்கு வரும்.

இயந்திரமாகப் பார்த்தாலும் டிரெய்லர் தனி ரகம். பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. நான்கு டன் சரக்கை நிறுத்தும் வேலை முழுவதும் முன்னால் இருக்கும் டிராக்டரின் பின்சக்கரங்கள் தலையில். இறக்கத்தில் பிரேக் அடித்தால் டிரெய்லர் முன்னேறி வந்து டிராக்டரைக் குறுக்கே மடக்கிவிடும். இணைப்பு ஆணி தேய்ந்து மெலிந்திருக்கும், பூட்டுக் கம்பிக்குப் பதில் வளைத்த ஆணி ஒன்று செருகியிருக்கும். பின் விளக்கு எரியாது. ஒயர் இருந்தால் பல்பு இருக்காது, பல்பு இருந்தால் வைக்கோல் அதை மூடியிருக்கும். இருட்டில் திருப்பத்தூர் சாலையில் பஞ்சராகி நிற்கும் டிரெய்லர் மீது பைக்கில் போய் மோதுபவருக்கு அது இருப்பதே தெரியாது.

ஆகவே லாரிக்கு உள்ள ஆய்வு முழுவதையும் உங்கள் மேல் சுமத்த வேண்டாம் என்பதே என் கருத்து. இணைப்பு ஆணி, பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்கு, பின்புறமும் பக்கவாட்டிலும் ஒளிரும் ஸ்டிக்கர், சக்கர பேரிங், டயர். இவ்வளவுதான். அறுவடைக்கு முன்னால் ஆய்வாளரே ஊருக்கு வந்து, ஊரணிக்கரையில் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டுப் போகலாம். மாவட்டத் தலைநகருக்கு டிராக்டரை ஓட்டிக்கொண்டு வா என்றால் யாரும் வர மாட்டார்கள். வராதவர்களைத் தண்டிக்கவும் நமக்கு மனம் வராது.

கேள்வி (தேவகோட்டை, ஒரு தாய்): பள்ளி வேன்களை மே மாதம் மைதானத்தில் நிறுத்திப் பார்க்கிறார்கள். அது வெறும் சடங்கா, ஐயா?

சடங்காகவும் ஆகலாம், அம்மா. 2012 ஜூலையில் சென்னையின் புறநகரில் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்தாள். அந்தப் பேருந்துக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று தரப்பட்டிருந்தது. அதன் பிறகே பள்ளி வாகனங்களுக்கென்று தமிழ்நாடு அரசின் தனி விதிகள் அதே ஆண்டில் வந்தன. அவசர வழி, முதலுதவிப் பெட்டி, தீயணைப்பான், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் கட்டாயமாகின. சான்று கையில் இருந்தும் தளத்தில் ஓட்டை இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. ஆனால் ஆய்வே இல்லாதிருந்தால் கேள்வி கேட்கவும் ஆள் இருந்திருக்காது. நீங்கள் ஒன்று செய்யலாம். பிள்ளையை ஏற்றிவிடும்போது ஒருநாள் உள்ளே ஏறி, தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். வேன்காரர் முறைப்பார், பரவாயில்லை.

கேள்வி (கானாடுகாத்தான்): எங்கள் ஐயா காலத்து அம்பாசிடர் முகப்பில் நிற்கிறது. பேரன் ஓட்ட வேண்டும் என்கிறான். சான்று வாங்க வேண்டுமா?

ஆச்சி, சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. பிறகு ஆய்வுக்குக் கொண்டுபோய் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். காருக்கு 50 வயது தாண்டியிருந்தால் 2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிப்படி 'வி.ஏ.' என்ற தனி வரிசையில் பதியலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது என்ற அளவில்தான் ஓட்டலாம், தினமும் கடைத்தெருவுக்கு எடுத்துப்போக முடியாது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது, பாகங்களைத் தேடித்தான் வாங்க வேண்டும். பல ஆண்டுகள் நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர் ரப்பர்களையும் ஹோஸ்களையும் மாற்றாமல் பேரனிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (சிங்கப்பூரில் வேலை, சொந்த ஊர் பள்ளத்தூர்): இங்கே 3 வயது முதல் 10 வயது வரை காருக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் ஆய்வு. அதை அப்படியே அங்கே கொண்டுவரலாமே?

கொண்டுவர வேண்டாம். மலேசியாவில் சொந்தக் காரை விட்டுவிட்டு, வர்த்தக வண்டிகளை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார்கள். ஆட்களும் கருவிகளும் குறைவாக உள்ள நமக்கு அந்த வழிதான் பொருந்தும். ஆனால் 15 ஆண்டுகள் எந்தக் காரையும் யாரும் பார்ப்பதில்லை என்பது அதிகம். பத்தாவது ஆண்டில் ஒருமுறை டயர், பிரேக், விளக்கு மட்டும் பார்த்தால் போதும்.

கேள்வி (திருப்பத்தூர், சுற்றுலா வேன் உரிமையாளர்): தானியங்கி ஆய்வு நிலையம் வந்தால் லஞ்சம் ஒழியுமா, செலவு கூடுமா?

செலவு கூடும். அங்கே பிரேக்கை உருளைகள் மேல் ஏற்றி, இடது சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது, வலது எவ்வளவு என்று எண்ணாகக் காட்டிவிடுவார்கள். ஓட்டிப் பார்த்து 'பரவாயில்லை' என்று சொல்வதைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. பழுதுபார்க்கும் தொழிலை அந்த நிலையம் நடத்தக் கூடாது என்று விதி இருப்பதும் நல்லது. இல்லையென்றால் என்னைப் போன்றவர்களே ஆய்வு செய்து, நாங்களே கோளாறு கண்டுபிடித்து, நாங்களே பில் போடுவோம். லஞ்சம் ஒழியுமா என்பதற்கு, எண்ணை யார் தட்டச்சு செய்கிறார் என்பதைப் பொறுத்துச் சொல்கிறேன்.

கேள்வி (குன்றக்குடி): திருவிழாவுக்கு டிரெய்லரில் குடும்பத்தோடு வர ஆய்வுச் சான்று வாங்கினால் போதுமா?

போதாது. எந்தச் சான்று இருந்தாலும் டிரெய்லரில் ஆள் ஏற்றக் கூடாது. பஸ்ஸில் வாருங்கள்.