காட்பாடியில் 30 சென்ட் வீட்டுமனையை மூன்றாகப் பிரிக்க, பிளானுக்கும் அனுமதிக்கும் எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும்?

அப்பா வாங்கிய இடம், சாலையில் 80 அடி முகப்பு, உள்ளே 163 அடி நீளம், அண்ணன் தம்பி மூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்ட் ஒருவர் "அளக்கிறதிலிருந்து அப்ரூவல் வரைக்கும் எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகை சொன்னாராம், அது நியாயமா என்று கேட்கிறீர்கள். வேலூரில் ஓர் இன்ஜினீயரிடம் பிளான் போடும் வேலை பார்க்கிறேன். என் தொழில்காரர்கள் சிலருக்கு இந்தப் பதில் பிடிக்காது.

ஒரே தொகை பேசாதீர்கள். அரசுக்குச் சலான் கட்டுவது எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பரிசீலனைக் கட்டணம், மேம்பாட்டுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாத செலவு எதுவும் "அரசுக் கட்டணம்" ஆகாது.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது இந்தக் கட்டணங்களுக்கு அல்ல. உங்கள் கணக்கில் பெரிய செலவு பாதைக்குப் போகும் நிலம். அதை யாரும் கொட்டேஷனில் எழுத மாட்டார்கள்.

மூன்று மனையையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால், கடைசி மனையைத் தொட சுமார் 109 அடி நீளத்துக்குப் பாதை வேண்டும். அது 12 அடி அகலம் என்றாலே 1,308 சதுர அடி, அதாவது 3 சென்ட். 24 அடி என்றால் 6 சென்ட். எத்தனை மனைக்கு, எவ்வளவு நீளத்துக்கு என்பதைப் பொறுத்து அகலம் மாறும். சென்ட் 5 லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம் வரை மண்ணிலேயே போய்விடுகிறது. அதைப் பொதுச் சாலையாக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுத வேண்டி வந்தால், அதற்கப்புறம் அதில் உங்களுக்குப் பாத்தியதையே இல்லை.

நீளவாக்கில் மூன்று பட்டையாக வெட்டினால் பாதையே தேவையில்லை. ஆளுக்கு 26 அடி 8 அங்குலம் முகப்பு. பக்கத்துக்கு 3 அடி விட்டால் வீட்டுக்கு 20 அடிச் சொச்சம்தான் மிஞ்சும். ரயில் பெட்டி போல நீண்ட வீடு, நடு அறையில் பகலிலும் லைட் போட வேண்டும். இன்னொரு வழி, முன்னால் இரண்டு மனை, பின்னால் ஒன்று. பாதை ஒரு மனைக்கு மட்டும் என்பதால் குறுகலாக முடியும். என்னைக் கேட்டால் உங்கள் இடத்துக்கு இதுதான் பொருந்தும். பின்மனைக்காரருக்கு இரண்டு சென்ட் கூடக் கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம். அதை அண்ணன் தம்பிகள்தான் பேச வேண்டும், இன்ஜினீயர் அல்ல.

அதனால் பிளான் செலவில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்றே ஒன்று: முதல் அளவையும், அதை வைத்துப் போடும் இரண்டு மூன்று மாதிரி வரைபடங்களும். விண்ணப்பம் போடுவதற்கு முன்பே இதற்குத் தனியாகப் பணம் கொடுங்கள். அளக்காமல் பத்திரத்தில் உள்ள அளவை வைத்துப் பிளான் போட்டால், களத்தில் 78 அடிதான் இருக்கிறது என்று தெரியும்போது எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

அளப்பதற்கும் முன் காசில்லாத வேலை இருக்கிறது. வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பட்டா விவரமும் அரசு இணையதளத்தில் கிடைக்கும். பழைய பத்திரத்தில் "வட ஆற்காடு மாவட்டம், குடியாத்தம் தாலுகா" என்று இருந்தால் திகைக்காதீர்கள், காட்பாடிப் பத்திரங்களில் அது சகஜம். சர்வே எண்ணும் பரப்பும் இன்றைய பட்டாவோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். அப்பா பெயரிலேயே பட்டா இருந்தால், வாரிசுச் சான்றுக்கும் பட்டா மாறுதலுக்கும் ஆகும் காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காட்பாடிக்கே உரிய ஒன்று, ரயில். ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் இடம் இருந்தால் ரயில்வேயின் தடையில்லாச் சான்று கேட்பார்கள். கழிஞ்சூர் ஏரிப் பக்கம், ஓடை ஓரம் என்றால் நீர்வளத் துறை. இவற்றில் பணத்தைவிட மாதங்கள்தான் அதிகம் செலவாகும். வீடு கட்ட வங்கிக் கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் அதை இதற்குப் பிறகு தள்ளிப் போடுங்கள்.

உங்களுக்கு வராத செலவுகளையும் சொல்லிவிடுகிறேன், யாராவது பயமுறுத்தலாம். பூங்கா போன்ற பொதுப் பயனுக்கு நிலம் விடும் திறந்தவெளி ஒதுக்கீடு 3,000 சதுர மீட்டருக்கு மேல்தான், அதாவது சுமார் 74 சென்டுக்கு மேல். உங்களுடையது 1,214 சதுர மீட்டர். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு, 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டு வெளியாருக்கு விற்பவர்களுக்கு. நீங்கள் குடும்பத்துக்குள் பிரிக்கிறீர்கள். பின்னாளில் மனையாக விற்கும் எண்ணம் இருந்தால் மட்டும் அதை முதலிலேயே இன்ஜினீயரிடம் சொல்லிவிடுங்கள், கணக்கு வேறாகும்.

பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு, குடும்ப உறுப்பினர்களுக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், பங்குக்கு அதிகபட்சம் 10,000. இந்த உச்சவரம்புகள் 2023 ஜூலையில் உயர்ந்தவை. பழைய 25,000, 4,000 கணக்கை நம்பிப் பணம் எடுத்துப் போகாதீர்கள். ஒருவருக்கொருவர் கிரயம் எழுதினால் தீர்வை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம். உட்பிரிவுப் பட்டாவுக்கான கட்டணம் சில நூறு ரூபாய்தான், பதியும்போதே வாங்கிவிடுவார்கள்.

பிளான் போடுபவர் கூலியை மூன்று தவணையாகக் கொடுங்கள்: அளந்து மாதிரி காட்டியதும் ஒன்று, இணையத்தில் விண்ணப்பம் ஏறியதும் ஒன்று, ஆணை கைக்கு வந்ததும் மீதி. அலுவலகம் திருத்தம் கேட்டால் அதை இலவசமாகச் செய்ய வேண்டும் என்றும், நீங்களே மனசு மாறிக் கோட்டை நகர்த்தினால் தனிக் கூலி என்றும் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். கோட்டை நகர்த்துவது பெரும்பாலும் வீட்டுக்காரர்கள்தான்.

கடைசியாக, மூன்று பேரும் பொதுவாக ஒரு கணக்கில் சமமாகப் பணம் போட்ட பிறகே அளக்க ஆளைக் கூப்பிடுங்கள். யாருக்கு எந்த மனை என்று முடிவான பிறகு வசூல் செய்யப் போனால், "எனக்கு முன்மனை, பாதைச் செலவு எனக்கெதற்கு" என்ற பேச்சு வரும்.