பி.ஏ. செட் (முதுகில் சிலிண்டரும் முகத்தில் மாஸ்க்கும் கொண்ட மூச்சுக் கருவி) வாங்கும் முன்: தீயணைப்பு வீரர்களின் கேள்விகளும் பதில்களும்

சிலிண்டரில் 45 நிமிடம் என்று போட்டிருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு 20 நிமிடத்திலேயே காற்று குறைந்ததைச் சொல்லும் எச்சரிக்கை விசில் ஊதிவிடுகிறது, வெளியே வந்துவிடுகிறார்கள். செட்டில் கோளாறா?

செட்டில் இல்லை, கணக்கில். நிமிடத்துக்கு 40 லிட்டர் மூச்சு என்று வைத்துப் போட்ட நேரம் அது. ஹோஸை இழுத்துக்கொண்டு மாடி ஏறுகிறவருக்கு 80 லிட்டர் தேவைப்படும், சிலருக்கு 100கூட. 6.8 லிட்டர் சிலிண்டரில் 300 பார் (பார் என்பது காற்றழுத்தத்தின் அளவு) நிரப்பினால் பெருக்கிப் பார்க்க 2,040 லிட்டர் வரும். ஆனால் அந்த அழுத்தத்தில் காற்று அவ்வளவு சொன்னபடி கேட்காது; கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு குறைத்தே கணக்கிடுங்கள்.

இதில் விசிலுக்கான மிச்சத்தையும் கழிக்க வேண்டும். ஐரோப்பியத் தரமான ஈ.என். 137 படி விசில் 55 பாரை ஒட்டி ஊதும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 1981 தரம், நாலில் ஒரு பங்கு மீதமிருக்கும்போது ஒலித்த எச்சரிக்கையை 2013 பதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு ஏற்றியது. காரணம் எளிது: விசில் கேட்ட பிறகு கிளம்பினால் தாமதம். அது ஊதும்போது ஆள் வெளியே நிற்க வேண்டும்.

ஆகவே நிமிடத்தைப் பார்த்து வாங்காதீர்கள். லிட்டரையும் பாரையும் கேளுங்கள். உங்கள் ஆட்களை உடையோடு ஓடவிட்டு நேரம் பாருங்கள்.

சிலிண்டர் இரும்பா, கார்பன் ஃபைபரா?

காசு இருந்தால் கார்பன். எடை ஏறக்குறைய பாதி, அதனால் மூச்சும் மிச்சம். ஆனால் பெரும்பாலான கார்பன் சிலிண்டர்களுக்கு 15 ஆண்டுதான் ஆயுள். வாங்கும்போது விலையை மட்டுமல்ல, தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். கிடங்கில் மூன்று வருடம் தூங்கிய சிலிண்டர் உங்கள் கைக்கு வரும்போதே மூன்று வயது.

நன்கொடையாகப் பழைய செட்டுகள் வருகின்றன. வாங்கலாமா?

முதலில் அது டிமாண்ட் வகையா, பாசிடிவ் பிரஷர் வகையா என்று பாருங்கள். டிமாண்ட் வகையில் மூச்சை இழுக்கும்போது மாஸ்க்குக்குள் அழுத்தம் குறையும். விளிம்பில் சிறு இடைவெளி இருந்தாலும் புகை உள்ளே வரும். பாசிடிவ் பிரஷரில் உள்ளே அழுத்தம் எப்போதும் சற்று அதிகம், கசிவு வெளிப்பக்கம்தான் போகும். டிமாண்ட் வகை என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

கொஞ்சம் தாடி வைத்தால் என்ன? பாசிடிவ் பிரஷர்தானே.

மாஸ்க் படியும் இடத்தில் கூடாது. கசியும் காற்று உங்கள் சிலிண்டரிலிருந்துதான் போகிறது. மீசை பிரச்சினையில்லை, சீல் விளிம்பைத் தொடாதவரை.

சின்ன புகைக்கு ஃபில்டர் மாஸ்க் போதாதா?

போதாது. ஃபில்டர் ஆக்சிஜனை உண்டாக்காது. சாதாரணக் கார்பன் ஃபில்டருக்குக் கார்பன் மோனாக்சைடும் பிடிபடாது.

டெண்டரில் மூன்று கம்பெனிகள். எதை வைத்து முடிவு செய்வது?

மேசையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தடித்த கையுறையோடு, கண்ணைக் கட்டிக்கொண்டு, சிலிண்டர் வால்வைத் திறக்கச் சொல்லுங்கள். அப்புறம் சிலிண்டரை மாற்றச் சொல்லுங்கள். மண்டியிட்டு ஒரு குறுகிய வழியில் புகவிடுங்கள், எங்கே மாட்டுகிறது என்று தெரியும். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு வாக்கி டாக்கியில் பேசி, மறுமுனையில் புரிகிறதா கேளுங்கள். என் அனுபவத்தில் பலரும் விட்டுவிடுகிற சோதனை இதுதான். ஆள் அசையாமல் கிடந்தால் சுமார் 30 விநாடியில் அலறும் அலாரத்தையும் சோதியுங்கள்.

மாஸ்க் அளவு எல்லோருக்கும் ஒன்று என்று எழுதியிருந்தால் நம்பாதீர்கள். சிறிய முகம் உள்ளவர்களையும் பெண் வீரர்களையும் அழைத்து, மாஸ்க் முகத்தில் கசிவில்லாமல் படிகிறதா என்று பார்க்கும் ஃபிட் டெஸ்ட் செய்யுங்கள். கண்ணாடி போடுபவர்களுக்கு மாஸ்க்குக்குள் பொருத்தும் ஃபிரேம் உண்டா என்றும் கேளுங்கள். கண்ணாடியின் காது தண்டு சீலைக் கெடுத்துவிடும்.

ஒரு கம்பெனியின் மாஸ்க்கை இன்னொன்றின் ரெகுலேட்டரோடு (மாஸ்க்குக்குக் காற்றை அளந்து விடும் பாகம்) சேர்க்கவே கூடாது. பக்கத்து நிலையத்தில் எந்த வகை இருக்கிறதோ அதுவே உங்களிடமும் இருந்தால் பெரிய தீவிபத்தில் சிலிண்டரைக் கைமாற்றலாம். விலை கொஞ்சம் கூடினாலும் நான் அதையே எடுப்பேன்.

காற்றை நாங்களே நிரப்பலாமா?

தாராளமாக, மூச்சுக்காற்றுக்கென்றே உள்ள கம்ப்ரசர் இருந்தால். பெட்ரோல், டீசல் என்ஜின் கம்ப்ரசரென்றால் புகைபோக்கிப் பக்கமிருந்து காற்று உறிஞ்சாதபடி வையுங்கள். ஃபில்டரை மணிக்கணக்குப்படி மாற்றுங்கள், காற்று மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஆக்சிஜன் நிரப்பித் தரவா என்று யாராவது கேட்டால் உறுதியாக வேண்டாம் என்று சொல்லுங்கள்: செட்டில் எங்கோ ஒட்டியிருக்கும் கிரீஸ் போதும் தீப்பிடிக்க.