மெல்லும் பூனைக்கு எந்தப் பொம்மை?

கேள்வி: எங்கள் பூனைக்கு ஒன்றரை வயது. சார்ஜர் வயர், செருப்பு வார், அட்டைப்பெட்டி என்று எதைக் கண்டாலும் மெல்லுகிறது. வாங்கிக் கொடுத்த இறகுப் பொம்மையை ஒரே நாளில் பிய்த்துவிட்டது, பாதி இறகைக் காணவில்லை. அட்டையில் ‘நச்சுத்தன்மையற்றது’ என்று போட்டிருந்தது. நாய்களுக்கான கடினமான எலும்புப் பொம்மை வாங்கினால் தாங்குமா?

பதில்: முதலில் அந்தக் காணாமல் போன இறகு. பூனை வழக்கம்போலச் சாப்பிட்டு, விளையாடி, மலம் கழிக்கிறதா என்று கவனியுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, சாப்பாட்டைத் தொடாமல் சுருண்டு படுத்தாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

பூனையின் நாக்கில் உள்ள சின்னச் சின்ன முட்கள் தொண்டைப் பக்கம் சாய்ந்தவை. எது அதில் சிக்கினாலும் துப்புவது சிரமம், உள்ளேதான் போகும். அதனால் பொம்மையைக் கையில் எடுத்ததும், இதிலிருந்து என்ன கழன்று வரும் என்று பாருங்கள். ஒட்டவைத்த கண், மணி, ரிப்பன், இறகு எல்லாவற்றையும் இழுத்துப் பாருங்கள். உங்கள் விரலுக்கே அசைகிறது என்றால் வேண்டாம்.

இவற்றில் நூலும் ரிப்பனும்தான் எனக்கு மிகவும் பயம் தருபவை. ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் இறங்கினால், நாடா கோத்த பாவாடை போலக் குடல் சுருங்கிவிடும். இறுகிய நூல் குடல் சுவரையே அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். அப்படியே மருத்துவரிடம் போங்கள்.

அட்டையில் இருந்த வாசகத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளின் பொம்மைக்கு இருப்பது போன்ற கட்டாயப் பாதுகாப்புத் தரம், செல்லப்பிராணிகளின் பொம்மைக்குப் பல நாடுகளில் கிடையாது. சில தயாரிப்பாளர்கள் தாங்களாகவே குழந்தைப் பொம்மைகளுக்கான ஈஎன் 71, ஏஎஸ்டிஎம் எஃப்963 தரங்களின்படி சோதித்து வாங்குகிறார்கள். விற்பவரிடம் அதைக் கேட்கலாம், நல்ல அடையாளம்தான். ஆனால் அந்தச் சோதனைகள் பூனைப் பல்லை மனதில் வைத்து வந்தவை அல்ல.

நாய் எலும்பு வேண்டாம். பூனைப் பல் மெலிசு, கடினமான பொருளைக் கடித்தால் உடையலாம். கட்டைவிரல் நகத்தால் அழுத்தும்போது லேசாகப் பள்ளம் விழ வேண்டும், விழாவிட்டால் அது பல்லுக்கு அதிகம். அதே சமயம் ஸ்பாஞ்சு போலத் துண்டாகப் பிய்ந்து வருவதும் ஆகாது. முழுசாக வாய்க்குள் போகாத அளவு இருக்கட்டும்.

நான் சொல்வது இரண்டு. ஒன்று, நெருக்கமாகத் தைத்த கெட்டித் துணிப் பொம்மை, உள்ளே கேட்னிப் என்னும் வாசனைச் செடியின் இலை வைத்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள்தான் கேட்னிப்புக்கு மயங்கும். உங்களுடையது கண்டுகொள்ளாவிட்டால் இரண்டாவது, சில்வர்வைன் என்னும் கொடியின் குச்சி கொடுத்துப் பாருங்கள், அதற்கு மசியும் பூனைகள் இன்னும் அதிகம். குச்சி சிம்பு சிம்பாகப் பிளக்கத் தொடங்கினாலோ, துணியில் தையல் விட்டாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள். இவை தேய்ந்து தீரும் பொருள்கள், ஒன்று வாங்கி வருடக்கணக்கில் ஓட்ட முடியாது.

வயருக்குப் பொம்மை மட்டும் மாற்றாகாது. கடித்தால் மின்சாரம் தாக்கும். நுரையீரலில் நீர் கோத்து உயிரே போகலாம். கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் விடுங்கள், இல்லையென்றால் பயன்படுத்தாதபோது பிடுங்கி வையுங்கள்.

அப்புறம் ஒன்று. ஒன்றரை வயது, பல் முளைக்கும் வயது இல்லை. இந்தப் பழக்கம் திடீரென்று வந்திருந்தால், அல்லது வாய் நாறினால், ஒரு பக்கமாகவே மென்றால், ஈறையும் பல்லையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மெல்வதோடு நிற்காமல் துணி, பிளாஸ்டிக்கை விழுங்குகிறது என்றாலும் அப்படித்தான். அதைப் பொம்மையால் தீர்க்க முடியாது.

கேள்வி: நாலு மாதக் குட்டி கையைக் கடிக்கிறது. கைக்குழந்தைகள் கடிக்கும் ஜெல் நிரப்பிய வளையத்தைக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். குட்டியின் பல் ஊசி மாதிரி, ஓட்டை போட்டு ஜெல்லைக் குடித்துவிடும். சுத்தமான துணியை நனைத்து முறுக்கி, ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது கடிக்கக் கொடுங்கள். ஆறேழு மாதத்துக்குள் 30 நிலைப்பற்களும் வந்துவிடும், கடி பெரும்பாலும் குறையும். அதுவரை கையை விளையாட்டுக்குக் கொடுக்காதீர்கள்.