பழைய ஹோண்டா சிஆர்-வி ஆல் வீல் டிரைவ் வளைவில் பின்பக்கம் உறுமுகிறது. டிஃபரன்ஷியலையே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். இப்போதைக்கு அதில் கை வைக்கவே விடாதீர்கள்.

2008 மாடல், 2.4 ஆட்டோமேட்டிக், ஏலகிரி ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் பின் சீட்டுக்கு அடியிலிருந்து முனகலும் உதறலும் வருகிறது, வேலூரில் காட்டிய மெக்கானிக் “டிஃபரன்ஷியல் போச்சு, புதுப்பேட்டையிலிருந்து பழசு ஒன்று எடுத்துப் போட்டுடலாம்” என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஃபரன்ஷியல் என்பது இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக்கொடுக்கும் பெட்டி. வண்டியை இரண்டாவது, மூன்றாவது கையாக வாங்கியிருப்பீர்கள். பின் டிஃபரன்ஷியலுக்கென்று தனி ஆயில் ஒன்று உண்டு என்பதை விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்த ஆயிலைத்தான்.

இந்த வண்டியின் பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு ஆயில் பம்ப்கள் இருக்கின்றன. ஒன்றை முன்பக்கத்திலிருந்து வரும் நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்ட் சுழற்றுகிறது, இன்னொன்றைப் பின் சக்கரங்கள் சுழற்றுகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் அழுத்தம் எழாது, வண்டி முன் சக்கரத்தில் மட்டும் ஓடும். முன் சக்கரம் வழுக்கி வேகமாகச் சுற்றினால் அழுத்தம் ஏறி, கிளட்ச் தட்டுகள் நெருங்கி, பின் சக்கரத்துக்கும் இழுவை போகும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடும், பின் சக்கரங்கள் சின்ன வட்டம் போடும். அதனால் வழுக்கல் இல்லாமலேயே கிளட்ச் லேசாகப் பிடிக்கும். நல்ல ஆயில் இருந்தால் தட்டுகள் சத்தமில்லாமல் நழுவிக்கொடுக்கும். ஆயில் கெட்டுவிட்டால் பிடித்துப் பிடித்து விடும். அந்த உறுமல் அதுதான். ஏலகிரியின் 14 வளைவுகளும் இதற்கென்றே செய்த சோதனைச் சாலை மாதிரி: மெதுவான வேகம், முழு ஒடிப்பு, ஏற்றத்தின் பாரம், சூடேறிய ஆயில்.

உறுதிசெய்ய ஒரு சோதனை. வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். காலியான மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் வட்டமடியுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியில் இல்லாத முனகல் இப்போது வந்தால் ஆயில்தான். ஒடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது முன்பக்கம் ‘டக் டக் டக்’ என்று வந்தால் அது சிவி ஜாயிண்ட், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டின் மூட்டு. சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் தெறித்திருக்கும், ரப்பர் பூட் கிழிந்திருக்கும். நேர் ரோட்டில் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ஹூம்’ சத்தம் வீல் பேரிங். இடதுபக்கம் லேசாக வளைக்கும்போது அது கூடினால் வலது பேரிங்கைப் பாருங்கள். கியரை டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றும்போது பின்னால் ‘தொம்’ என்று ஒரே ஒரு அடி கேட்டால் டிஃபரன்ஷியல் மவுண்ட் ரப்பரோ, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயிண்டோ.

இனி ஆயில். பாட்டிலில் ஹோண்டாவின் ‘டூயல் பம்ப்’ ஃப்ளூயிட் என்று இருக்க வேண்டும், டிபிஎஸ்எஃப் என்றும் சொல்வார்கள். ஒரு முறைக்குச் சுமார் 1.2 லிட்டர் பிடிக்கும். உதிரிபாகக் கடையில் “டிஃபரன்ஷியல்னா தொண்ணூறு நம்பர் ஆயில்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்” என்பார்கள். லாரிக்கும் பொலேரோவுக்கும் அது சரி. இதில் அந்தத் தொண்ணூறு நம்பர் கியர் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் தட்டுகளே கெடும். மெக்கானிக்குகளைக் குறை சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் பார்க்கும் நூறு வண்டியில் ஒன்றுகூட இந்த வகை இல்லை, அவ்வளவுதான். ஆயிலை நீங்களே வாங்கிக் கொண்டுபோய் எதிரில் நின்று ஊற்றச் சொல்லுங்கள்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ராம்ப் அல்லது பிட் இருந்தால் நல்லது. ஜாக் என்றால் நான்கு மூலையிலும் ஸ்டாண்டு. இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு கியர் போட்டுப் பார்க்கும் பழக்கம் இந்த வண்டியில் ஆபத்து. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடும். டிஃபரன்ஷியலில் இரண்டு பிளக் உண்டு. இரண்டிலும் சதுரக் குழி இருக்கும், 3/8 ராட்செட்டின் முனை நேராகப் பொருந்தும், சாக்கெட் தேவையில்லை. மேலே உள்ள நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள். அது துருப்பிடித்து வராவிட்டால், ஆயிலை வடித்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். அது கழன்ற பிறகுதான் கீழ் பிளக். அதில் கருஞ்சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் இரும்புச் சிம்பு இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். புது வாஷர் போட்டு மூடி, மேல் ஓட்டையில் ஆயில் வழியும்வரை பம்ப் அல்லது குழாய் வைத்து ஏற்றுங்கள். பிளக்குகளுக்கு இறுக்கம் 47 நியூட்டன் மீட்டர். அலுமினிய உடம்பு, பைப் மாட்டி இறுக்கினால் மரை போய்விடும்.

பிறகு மைதானத்தில் மெதுவாக எட்டுப் போடுங்கள், இரு பக்கமும் ஐந்தாறு முறை. புது ஆயில் தட்டுகளுக்குள் இறங்க வேண்டும். சத்தம் குறைந்து, ஆனால் முழுக்கப் போகவில்லை என்றால், சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இன்னொரு முறை வடித்து ஊற்றுங்கள். அதனால் இரண்டு மாற்றத்துக்கான ஆயிலைச் சேர்த்தே வாங்கிவிடுங்கள். நம் ஊர் வெயிலுக்கும் மலைக்கும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது என் கணக்கு.

ஆயிலை மாற்றியும் சீக்கிரமே சத்தம் திரும்பினால் டயரைப் பாருங்கள். இதை யாரும் பார்ப்பதில்லை, எனக்கு ஆற்றாமையே இதில்தான். 225/65 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 724 மில்லிமீட்டர். புது டயரின் பட்டன் ஆழம் 8 மில்லிமீட்டர், தேய்ந்தது 3 என்று வையுங்கள். விட்டத்தில் 10 மில்லிமீட்டர் வித்தியாசம், அதாவது சுமார் 1.4 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்குச் சக்கரம் சுமார் 440 சுற்று சுற்றும். முன்னால் தேய்ந்த டயர், பின்னால் புது டயர் என்றால் கிலோமீட்டருக்கு ஆறு சுற்று முன்பக்கம் அதிகம். நேர் ரோட்டில் சென்னை போய் வரும்வரை அந்த பம்ப் ‘முன் சக்கரம் வழுக்குகிறது’ என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஆயில் கொதிக்காமல் என்ன செய்யும்? “இரண்டு மாற்றினால் போதும் சார்” என்று சொல்லும் டயர் கடைக்காரருக்கு இது தெரியாது. புதிதைப் பின்னால் போடுவது ஈர ரோட்டுக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டிக்கு நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், சேர்த்தே மாற்ற வேண்டும். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் மாற்றிப் போட்டால் வித்தியாசம் 2 மில்லிமீட்டரைத் தாண்டாது.

தண்ணீர் இன்னொன்று. ஐப்பசி, கார்த்திகையில் பாலாற்றிலும் பொன்னையாற்றிலும் தண்ணீர் ஓடும்போது தரைப்பாலத்தில் இறக்கியிருந்தால், சக்கரத்தின் நடு மட்டம்வரை நனைந்திருந்தால், ஆயிலைப் பாருங்கள். சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று குளிரும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, டிஃபரன்ஷியலுக்குள் காற்று போய்வர வைத்திருக்கும் மூச்சுக்குழாய் வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை இழுக்கும். டீயில் பால் கலந்த நிறத்தில் ஆயில் வந்தால் உடனே மாற்றுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் முன்பக்கத்தை மட்டும் தூக்கி இழுத்து வரச் சொல்லாதீர்கள். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் எழுதுகிறேன். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2008-ல் செய்த வண்டியின் ரப்பர் குழாய்களும் சீல்களும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பழைய வண்டி வைத்திருப்பவருக்குக் குறைந்த கலப்புள்ள பெட்ரோலைச் சாதாரண விலையில் ஒரு பம்ப்பிலாவது தரக்கூடாதா? அடியில் படுக்கும்போதே எரிபொருள் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மாருதி ஜிப்ஸி, பழைய மஹிந்திரா தார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம். அவற்றில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. தார் ரோட்டில் 4எச் (நான்கு சக்கர இழுவை) போட்டுத் திரும்பினால் இறுகத்தான் செய்யும், அது பழுது அல்ல. கொஞ்ச தூரம் நேராக ரிவர்ஸ் எடுத்தால் லிவர் விடுபடும்.

இரண்டு முறை சரியான ஆயில் ஊற்றி, நான்கு டயரும் ஒரே அளவில் இருந்தும் உறுமல் அப்படியே இருந்தால், அப்போது உங்கள் மெக்கானிக் சொல்வதில் நியாயம் உண்டு. கிளட்ச் தட்டுகளோ பேரிங்கோ போயிருக்கும். பழைய டிஃபரன்ஷியல் வாங்குவதானால் கடையிலேயே அதன் கீழ் பிளக்கைக் கழற்றச் சொல்லி, ஆயிலில் தண்ணீரோ சிம்போ இல்லை என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.